கல் இறங்கிய வியாழக்கிழமை

மருதாசலம் ஒன்றுக்குப் போகாத மனிதன் என்று பரமத்தி வேலூர் வட்டாரத்தில் பெயர் வாங்கியிருந்தான். சிலருக்குச் சிலம்பத்தில் பெயர், சிலருக்கு வழக்குப் பேசுவதில் பெயர், இவனுக்கு இதில். விடிந்ததும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தானென்றால் பொழுது சாயும்போதுதான் வெளியே தலைகாட்டுவான்.

இதையெல்லாம் பெருமை என்று நினைக்கக் கொடிக்கால்காரர்களால்தான் முடியும். கொடிக்கால் அவர்களுக்குக் கோயில் மாதிரி. கன்னிமார் குடியிருக்கும் இடம். செருப்போடு உள்ளே போகக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்கள் வேலிப் பக்கமே வரக்கூடாது. வேலை செய்கிற ஆளுக்கு ஒன்றுக்கு முட்டினால் வேலிக்கு வெளியே போய் இருந்துவிட்டு, ராஜவாய்க்காலில் ஒரு முழுக்குப் போட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வர வேண்டும். அதில் பாதிப் பொழுது போய்விடும். மருதாசலம் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தான். தண்ணீர் குடித்தால்தானே ஒன்றுக்கு வரும்? அவன் குடிப்பதில்லை.

சித்திரை வெயிலில் அகத்தி மரத்துக்கு மரம் ஏணி சாய்த்து ஏறி, கொடியைத் தூக்கிக் கட்டுவான். வேர்வை வழிந்து கோவணம் நனையும். வெற்றிலைக் கொடிக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டுகிறவன், தன் தொண்டைக்குக் காட்டியதில்லை. உடம்புக்குள்ளே போவதைப் பற்றி நம் ஜனங்களுக்கு ஆயிரம் சாஸ்திரம் உண்டு. வெளியே போக வேண்டியதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அது அடைத்துக்கொள்கிற நாள் வரைக்கும்.

அவன் பெண்டாட்டி ஆத்தாயி, திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவன் கோவணத்தைத் துவைக்கிறவள் அவள் என்பதால் அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. துணியில் வெல்லப்பாகு நிறத்தில் கறை படிந்திருந்தது. ஒரு நாள் கேட்டும் விட்டாள்.

“ஏனுங்க, இத்தன வெயில்ல ஒரு வாய் தண்ணி குடிக்காம இருக்கலாமுங்களா?”

“உங்கூர்ல தண்ணியே இல்ல. தண்ணியப் பத்தி எனக்கு நீ சொல்றயா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில் கொடிக்காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், மருதாசலம் பாத்திக்கும் வாய்க்காலுக்கும் நடுவே சுருண்டு கிடந்தான். இடுப்புக்குப் பின்னால் பிடித்த வலி விலாவைச் சுற்றி அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. அண்ணன் செல்லமுத்து அவனைத் தூக்கிப்போய், பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடுகிற பஸ்ஸில் போட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்த பஸ் குலுக்கிய குலுக்கலில் மருதாசலம் தன் குலதெய்வத்தையும் பஸ் முதலாளியின் குலத்தையும் மாறி மாறிக் கூப்பிட்டான்.

பொழுதோடு தம்பியைத் திருப்பிக் கொண்டுவந்த செல்லமுத்து வாசலில் நின்றபடி டாக்டர் சொன்னதைச் சொன்னான்.

“குண்டிக்காயில, ஒண்ணுக்குப் பிரியற எடத்துல, கல்லு இருக்குதாமா. குடம் குடமாத் தண்ணி குடிச்சா ஒண்ணுக்கோட வெளிய வந்துருமாமா. ஒரு டப்பாவுல புடிச்சுப் பாக்கோணுமாமா. படிச்சவன் பேச்சப் பாத்தீங்களா? காவேரியில கெடக்கற கல்லு எத்தன காலமாத் தண்ணிக்குள்ளயே கெடக்குது, கரைஞ்சா போச்சு?”

அங்கே நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்த ஆத்தாயி வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

“கரையறதில்லீங்க மாமா. தண்ணி வந்தா உருண்டு போகுதுங்க.”

“உன்ன ஆரு கேட்டா?” என்றாள் மாமியார் பெருமாயி.

பெருமாயிக்கு நோயைப் பற்றிச் சந்தேகமே இல்லை. கொடிக்காலுக்குள் வைத்து விழுந்திருக்கிறான். அப்படியென்றால் கன்னிமார் அடித்திருக்கிறார்கள். அடித்தார்களென்றால் தீட்டுப் பட்டிருக்க வேண்டும். போன வாரம் தூரமாக இருந்தபோது ஆத்தாயி வேலியோரத்து வாய்க்காலில் துணி அலசியதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். கணக்கு அவளுக்குச் சரியாகப் போய்விட்டது.

“வேலியத் தாண்டி உள்ள போனயா?”

“இல்லீங்க அத்தை. கன்னிமார் சத்தியமாப் போகலீங்க.”

“தீட்டோட சத்தியம் வேறயா?”

தீர்ப்பும் உடனே வந்தது. வெள்ளிக்கிழமை கொடிக்காலில் பொங்கல் வைத்துக் கன்னிமாருக்குப் பூசை. அதுவரை புருசனும் பெண்டாட்டியும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்க வேண்டும். பூசை முடிந்ததும் சனிக்கிழமை ஆத்தாயியை வண்டி கட்டித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது. திரும்பிக் கூப்பிடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

புதன்கிழமை முழுக்க மருதாசலம் மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் புரண்டான். வலி வரும், போகும், போன கையோடு திரும்பி வரும். நாலு சொட்டு ஒன்றுக்குப் போவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உதடு வெடித்துவிட்டது. பெருமாயி தலைமாட்டில் உட்கார்ந்து விபூதி பூசினாள், அழுதாள், நடுநடுவே மருமகளை வைதாள். மகன் மேல் அவளுக்கு உயிர். அதனால்தான் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்காமல் அவனைக் கொன்றுகொண்டிருந்தாள்.

ஆத்தாயியும் விரதம்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தனக்கே இப்படி எரிகிறதே, உள்ளே கல்லை வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், விரதத்தைக் கெடுத்துப் புருசனைக் கொன்றவள் என்று ஊர் காறித் துப்பும். கொடுக்காமல் இருந்தால் அவன் கண்ணெதிரே போய்விடுவான். இரவெல்லாம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பெருமாயி கன்னிமார் கல்லைச் சுற்றிச் சுத்தம் செய்யக் கொடிக்காலுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஆத்தாயி புறக்கடையில் ஒரு வாழையைச் சாய்த்து, தண்டை உரித்து, இடித்துச் சாறு பிழிந்தாள். ஒரு குடம் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

“எந்திரிங்க. குடிங்க.”

மருதாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “வேண்டாம் புள்ள. கன்னிமாரு கோவம் இன்னும் எச்சாயிரும்.”

“நான் உள்ள போகவே இல்லீங்க. அப்புறம் என்ன கோவம்?”

“எனக்குத் தெரியும்.” அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். “கோவம் எம்மேலதான். அன்னைக்கு வலி வந்து உழுந்தனல்ல, அடக்க முடியல. உள்ளயே போயிருச்சு. செவப்பா இருந்துச்சு. ஆளுங்க வாரதுக்குள்ள காலால மண்ணத் தள்ளி மூடிப்போட்டேன்.”

ஆத்தாயிக்கு முதலில் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஒருவேளை தெரியாமல் ஈரக்கால் வேலிக்குள் பட்டுவிட்டதோ என்று இரண்டு நாளாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாரம் இறங்கின இடத்தில் கோபம் ஏறியது. கட்டின நாளிலிருந்து அவன் மேல் அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை.

“அத்தை என்னைய வையறதையெல்லாம் கேட்டுக்கிட்டேதானுங்களே படுத்திருந்தீங்க?”

“வலியில வாய் வரல புள்ள.”

“தண்ணி வேண்டாங்கறதுக்கு மட்டும் வாய் வருதுங்களா?”

ஆத்தாயி செம்பை நிரப்பி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“குடிக்கறீங்களா, இல்ல கொடிக்காலுக்குப் போயி அத்தைகிட்டச் சொல்லட்டுமுங்களா?”

மருதாசலம் அவளைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக அது இல்லை. கன்னிமாரின் கோபம் நாளைக்கு. அம்மாவின் கோபம் இன்றைக்கே. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அவன் வாங்கிக் குடித்தான். முதல் மடக்கு தொண்டையில் இறங்கியதும் விரதமாவது ஒன்றாவது, செம்பைக் கீழே வைக்காமல் குடித்தான். வாழைத்தண்டுச் சாற்றின் துவர்ப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு அதையும் குடித்தான். அவள் ஊற்ற ஊற்றக் குடம் பாதியாயிற்று.

அப்புறம்தான் வினை வந்தது. சற்று நேரத்தில், அதுவரை வந்ததெல்லாம் வலியே இல்லை என்கிற மாதிரி ஒரு வலி பிடித்தது. மருதாசலம் கட்டில் சட்டத்தைக் கடித்தான். மேலெல்லாம் சில்லிட்டு வேர்த்தது. “என்னைக் கொன்னுபோட்டயே” என்று முனகினான்.

ஆத்தாயி குடத்தைப் பார்த்தாள். தன் கையால் ஊற்றின தண்ணீர். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கன்னிமாரை வேண்டினாள். ஊரில் ஒவ்வொருத்தியும் சாமியிடம் தாலிச் சரடு கேட்பாள், பிள்ளை கேட்பாள், மழை கேட்பாள். “தாயே, இவருக்கு ஒண்ணுக்கு வரோணும். வேறொண்ணும் வேண்டாம்” என்று கேட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“ஏ புள்ள, டப்பா, டப்பா” என்றான் மருதாசலம்.

மண்ணெண்ணெய் டின்னை அறுத்துச் செய்த தகர டப்பா பக்கத்திலேயே இருந்தது. அவனைத் தோளில் தாங்கிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு சொட்டு விழுந்தது. நின்றது. அவன் ஒரு கூச்சல் போட்டான். தகரத்தில் ‘டக்’ என்று ஏதோ விழுந்தது. அதன் பின்னாலேயே மதகைத் தூக்கிவிட்ட மாதிரி நீர் பாய்ந்தது. பாய்ந்தது, பாய்ந்துகொண்டே இருந்தது. தலைவாசலில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.

மருதாசலம் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதான், அழுகைக்கு நடுவில் சிரித்தான். எத்தனையோ நாள் கழித்து உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதைத் தவிர அந்த நேரம் அவனுக்கு உலகத்தில் வேறு சந்தோஷம் இல்லை. ஆத்தாயி டப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள். கேழ்வரகை விடக் கொஞ்சம் பெரிசாக, முள்முள்ளாக ஒரு பழுப்புக் கல். அவ்வளவுதான். இந்தத் துணுக்குக்காகத்தான் ஒரு குடும்பம் வண்டி கட்ட இருந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தேம்பினாள்.

சத்தம் கேட்டுப் பெருமாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். மகன் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பாதிக் குடம் தண்ணீர்.

“தண்ணி குடுத்தயா?”

“குடுத்தேனுங்க அத்தை.” ஆத்தாயி டப்பாவை நீட்டினாள்.

பெருமாயி உள்ளே பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆத்தாயி வாயைத் திறக்கவில்லை. குடித்தால் சொல்லமாட்டேன் என்று அவனிடம் பேச்சு; பேச்சைக் காப்பாற்ற வேண்டும். மருதாசலம்தான் தொண்டையைச் செருமினான். வலி போன உடம்பில் வெட்கத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

“அம்மா, அவ உள்ள வரல. நாந்தான் கொடிக்காலுக்குள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டேன். அடக்க முடியல.”

“இதுக்காடா இத்தன நாளு மூடி வெச்சிருந்த?” மகன் பிழைத்த நிம்மதியில் பெருமாயிக்கு வாய் கட்டு விட்டுப்போயிருந்தது. “உங்கொப்பன் உசுரோட இருந்த மட்டும் கொடிக்காலுக்குள்ள கெழக்கால மூலையிலதான் போவாரு. வாய்க்காலுக்குப் போயி முழுக ஆரால ஆகும்னு கேப்பாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஆத்தாயி டப்பாவைக் கீழே வைத்தாள்.

“அப்பறம் ஏனுங்கத்தை என்னையச் சொன்னீங்க?”

பெருமாயி பூசைக்காக மடியில் வைத்திருந்த மஞ்சளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பிறகு மருமகள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“ஆம்பளையச் சொன்னா கொடிக்கால் வேலை நின்னு போகும். உன்னையச் சொன்னா ஒண்ணும் நிக்காது சாமி. அதான்.”

தரையில் கையூன்றி எழுந்தாள். குடத்திலிருந்து செம்பை நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்தி ஆத்தாயியிடம் நீட்டினாள்.

“நீயும் ரெண்டு நாளாக் குடிக்கலயே. குடி.”

ஆத்தாயி வாங்கி, செம்பில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.