வெயிலின் மூன்று எண்கள்

...நீலத்தைக் குறைத்தால் சுவரெல்லாம் காமாலை பிடித்ததுபோல் ஆகிறது, கூட்டினால் வெளிறிப்போகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெயில் இருக்கத்தானே வேண்டும், கொன்ஸ்ரன்ஸுக்கு மட்டும் ஏன் அது அகப்படமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் திரையில் பத்து மாடி நிற்கிறது, வெள்ளவத்தையில் இன்னும் கட்டாத பத்து மாடியின் விளம்பரப் படம், அதற்கு மேலே காலையிலிருந்து அவள் செய்து கலைத்துச் செய்யும் வானம். சூரியனுக்கு ஒரு நிறம், வானத்துக்கு வேறொரு நிறம், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒன்றைத் தொட்டால் பல்கனி நிழல்வரைக்கும் மாறிப்போகும். "பிள்ளை, கண்டவுடன சனம் வீடு வாங்க ஆசைப்படுற வெயில் வேணும், அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகோணும்," என்று முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டார். ஆசைப்படுகிற வெயில்... காலையில் கொட்டாஞ்சேனை பஸ் நிறுத்தத்தில் புருஷன் சிறிலின் முகத்தில் என்ன வெயில் அடித்தது? அவள் பார்க்கவில்லை. இண்டைக்கு மாவுக்கட்டு அவிழ்க்கினம், களுபோவில ஆஸ்பத்திரிக்கு நீயும் வாவன் என்றான் அவன், ஒரு கையை அவிழ்க்க ரெண்டு பேரா என்றாள் இவள். சிரித்தானா, முகம் கறுத்தானா? மூன்றரைக்குத் தெஹிவளை வழியாக பஸ்ஸில் வந்து கூட்டிப்போகிறேன் என்றான், இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கினால் ஒற்றைக் கையால் அடையாள அட்டையை எப்படி எடுப்பான், அதைக்கூட அவள் யோசிக்கவில்லையே...

சத்தம் கேட்டது அப்போதுதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, காகங்கள் கத்தின, பிறகு வெளியே வாகன இரைச்சல் ஓயாத காலி வீதியே வாயடைத்துப்போனது. மணி மூன்று இருபது. அடுத்த மேசை ஸமீம் ரேடியோவில் காதை வைத்துக் கேட்டான். "தெஹிவளைல பஸ் ஒண்டு வெடிச்சிரிக்காம், பக்கத்து டயர் கடையும் எரியுதாம்." தெஹிவளை... எந்த பஸ், எங்கே போகிற பஸ்? சிறிலின் இலக்கத்தை அழுத்தினாள், தொடர்பில்லை, மறுபடி, தொடர்பில்லை, வெடித்தால் முதலில் செத்துப்போவது இந்தப் போன்கள்தான். இறங்கி ஓடலாமா, வீதியை மூடியிருப்பார்கள், தமிழ் எழுத்துள்ள அடையாள அட்டையோடு வெடித்த இடத்தை நோக்கி ஓடுகிறவளை என்ன கேட்பார்கள், நின்று பதில் சொல்ல அவளால் முடியுமா, மாதாவே, அந்த பஸ்ஸில் அவன் ஏறியிருக்கக் கூடாது... தெற்கிலிருந்து புகை வந்து சூரியனை மூடியது. மூடவுமில்லை, வடிகட்டியது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் மெல்லச் செம்மஞ்சளாயிற்று, விளிம்பு கரைந்த நிழலில் மட்டும் நீலம் கொஞ்சம் தங்கியது, இதுதான், காலையிலிருந்து தேடியது இதுதான், சூரியனில் பச்சை இவ்வளவு இறங்க வேண்டும், நீலம் பாதிக்கும் கீழே... ஒரு கையில் போன், மற்றக் கையில் 255, 176, 96. படம் மேலிருந்து கீழாக, மாடி மாடியாக நிறம் பிடித்து இறங்கியது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், செபம் பாதியில் நின்றது எப்போது என்று தெரியவில்லை.

போன் அடித்தது. "நான் இன்னும் கிளினிக்கிலதான் நிக்கிறன்," என்றான் சிறில், "சரியான சனம், இன்னும் கூப்பிடேல்ல. அடிச்சு அடிச்சுப் பாத்தன், லைன் இல்ல. நீ பயந்திட்டியா?" அழுகை வந்துவிட்டது. "ஓம்," என்றாள். "அழாத, ஒண்டுமில்ல. வீதி திறந்தாப்பிறகுதான் வருவன்." வைத்துவிட்டான். பின்னால் வந்து நின்ற ஸ்ரீஸ்கந்தராசா திரையைப் பார்த்தார். "இதைத்தான் பிள்ளை கேட்டனான்! எங்க பிடிச்சனீர் இந்த வெயிலை?" அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. மாற்றிவிடலாம், மூன்று எண்கள்தானே, அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது, சுட்டியில் விரல் இருக்கிறது, ஏன் அசையவில்லை... அந்த பஸ்ஸில் யாருக்காவது போன் அடித்துக்கொண்டே இருக்குமா இப்போது? அவளுக்கு அடித்தபோது, சிறில் என்ற பெயரைக் கண்ணால் கண்ட பிறகும், படத்தைச் சேமித்துவிட்டுத்தானே எடுத்தாள்?