அரை மாத்திரைக் கணக்கு

"நிறுத்தித் தொலைன்னு நேத்தே சொன்னேன்ல..."

"நிறுத்து நிறுத்துன்னா எப்படி அண்ணி, அது என்ன குழாயா..."

"...நான் எழுதி வெச்சதை விடிஞ்சா அழிக்குது, நீயும் பாத்துட்டு..."

"அழிக்கல. மெயின்ல இருக்கறதைக் கொண்டாந்து வைக்குது. அதுதான் அதோட வேலை."

"என் வேலையை அழிக்கறதா?"

பக்கத்து மேசைக்காரர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க. வீட்டுச் சண்டைன்னு நினைச்சுக்கப்போறாங்க."

"வீட்டுல எங்க சண்டை போட விடுற? தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுற."

விஷயம் அரை மாத்திரை. மருத்துவமனைக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, நோயாளியின் கைபேசிக்கு ஒன்று என்று அந்த அலுவலகம் எழுதும் மென்பொருள் மூன்று. மூன்றின் நிரல்களும் ரெப்போ எனப்படும் தனித்தனிக் கிடங்குகளில் இருக்கின்றன. மாத்திரை அளவைக் கணக்கிடும் பகுதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. மருத்துவமனையுடையதுதான் மெயின், அதாவது மூலப்பிரதி; தினமும் விடியற்காலையில் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் அந்தப் பகுதியை அங்கிருந்து எடுத்து மற்ற இரண்டிலும் பதித்துவிடும். அதைப் பார்த்துக்கொள்வது கொழுந்தன்.

கடையில் அரை மாத்திரை விற்க முடியாதே என்று யாரோ மெயினில் எல்லாவற்றையும் முழு எண்ணாக்கிவிட்டார்கள். கடைக்குச் சரி. கைபேசியோ அரை மாத்திரை போட வேண்டியவரிடம் ஒன்று போடச் சொல்லும். அண்ணி தன் கைபேசி ரெப்போவில் அதைத் திருத்துவாள், சோதித்துப் பார்ப்பாள், நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். காலையில் வந்தால் எழுதியதன் சுவடே இருக்காது.

"மெயின்லயே மாத்தேன்டா."

"பூட்டி வெச்சிருக்காங்க. தணிக்கை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. தொறக்கறது மேனேஜர் மட்டும்தான்."

"அப்ப எனக்கு மட்டும் மெயின் காப்பி வர்றதை நிறுத்து."

"பூட்டைத் தொறந்தப்புறம் மத்தவங்க சரி பண்றது எதுவும் உங்களுக்கு வராது. அதுக்கும் என்னைத்தான் வைவீங்க. போன தடவை நிறுத்தினதுக்கே மெமோ குடுத்தாங்க. இன்னொண்ணு வந்தா வீட்டோட உக்காந்து உங்க கையாலதான் சாப்பிடணும்."

"இப்ப யார் கையால சாப்பிடுறியாம்?"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை.

அவள் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவை லேசாகத் தட்டினாள். உள்ளே தணிக்கைக்காரர்களோடு உட்கார்ந்திருந்த மேனேஜர், திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

கொழுந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிறுத்திட்டேன்."

"டேய்..."

"விடுங்க அண்ணி. வர்றது வரட்டும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மளமளவென்று மறுபடியும் திருத்தினாள். நோயாளிகளுக்கு அனுப்புவதற்கான பக்கத்தைத் திறந்தால், புது வெர்ஷன் ஒன்று ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.

"புது வெர்ஷனை யாருடா அனுப்பினது?"

"யாரும் அனுப்ப வேண்டாமே. காலையில காப்பி முடிஞ்சதும் தானாப் போகும். இன்னிக்குத்தானே ரிலீஸ் தேதி."

"அப்ப நான் எழுதினது அதுல இல்ல."

அவன் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றான். பாதிக்கு மேற்பட்ட கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரை காட்டியது.

"திரும்ப வாங்க முடியாதா?"

"போனது போனதுதான். இன்னொண்ணு அனுப்பலாம். தேதிக்கு வெளியே அனுப்பறதை ஆப் ஸ்டோர்காரன் பாத்துத்தான் விடுவான். நாளைக்கோ, அதுக்கு மறுநாளோ."

"எல்லாருக்கும் ஒரு மெசேஜ்?"

"நம்பரெல்லாம் ஆஸ்பத்திரிகிட்ட இருக்கு. நம்மகிட்ட ஒருத்தர் பேருகூடக் கிடையாது."

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். மெயில் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றோம் என்று ஒரு குரல் பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டது. மெயில் அனுப்பிவிட்டுக் கண்ணாடி அறைக்கு ஓடினாள். எல்லோரும் சாப்பிடக் கிளம்பிப் போயிருந்தார்கள். மேனேஜரைக் கூப்பிட்டால் அவருடைய போன் அங்கே மேசைமேல் அடித்தது.

திரும்பி வந்தபோது, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண் அவள் மேசையருகே காத்திருந்தாள்.

"அக்கா, ஒரு அம்மா கூப்பிட்டாங்க. வீட்டுக்காரருக்கு இதய மாத்திரை. டாக்டர் அரைன்னாரு, உங்க போன் ஆப் ஒண்ணுங்குது, எதைக் குடுக்கட்டும்னாங்க. டாக்டர் சொன்னதையே குடுங்கன்னுட்டேன். சரிதானே?"

"சரிதான்மா."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். வாசல்வரை போன பெண் நின்று திரும்பினாள்.

"அந்தம்மா கேட்டாங்க, சொல்லிட்டேன். கேக்காம முழுங்குறவங்களுக்கு யாருக்கா சொல்றது?"