தும்பிக்கை ஓரத்து வெளிச்சம்

அப்துல் கையூம் மேகம் வரைய ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வானத்தைக் காட்டி யாரும் "கடைசி விலை என்ன, பாய்?" என்று கேட்பதில்லை. கேம்பல் லேனில் நாற்பது வருஷமாகக் கைலியும் மேஜைவிரிப்பும் விற்று அலுத்தவருக்கு அது போதும். ஆள், ஆடு, கோழி எதையும் வரையக் கூடாது என்பது மனைவி நஃபீசாவின் சட்டம். தொழுகிற வீட்டில் உயிருள்ள உருவத்தை மாட்ட மாட்டாள். வானத்தில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. வர்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாடையில்தான் உண்டு. அதனால் பிடோக் வீட்டில் இடம் கிடைக்காமல், கடையின் பின்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே, வியாபாரம் படுத்துக்கொள்ளும் மத்தியான வேளைகளில் வரைந்தார்.

இதுவரை வரைந்த வானமெல்லாம் உலரப் போட்ட பெட்ஷீட் மாதிரியே வந்தன. சொன்னவள் நஃபீசாதான். "நம்ம கடைச் சரக்குதான் லா இது. மடிச்சு ரேக்ல வைங்க."

இந்தப் படம் வேறு மாதிரி வந்தது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மழைக்குச் சற்று முன்னால் பார்த்த வானம். நீலத்தையும் மண்பழுப்பையும் குழைத்து, கறுப்பைத் தொடாமலே இருட்டாக்கிய பெரிய மேகம்; அதன் வளைந்த ஓரத்தை ஒட்டி ஒரு கீற்று வெளிச்சம். வெள்ளையில் துளி மஞ்சள் சேர்த்து, வர்ணக் கத்தியால் ஒரே இழுப்பு. அன்றைக்குக் கை அசந்திருந்தது, கத்தி வழுக்கியது, வெளிச்சம் வந்துவிட்டது. இன்னொரு தடவை இழுத்தால் வராது என்று அவருக்குத் தெரியும். கைபேசியில் படத்தைப் பார்த்த நஃபீசா, "ஹால்ல சோபாவுக்கு மேல மாட்டலாங்க" என்றாள். கல்யாணமான நாளாக அவர் கொண்டுவந்த எதையும் அவள் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் இந்த ஊர் ஈரத்தில் எண்ணெய் வர்ணம் லேசில் காயாது. மின்விசிறிக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் பூ விற்கும் ரத்தினம்மா, சுடுதண்ணீர் பிடிக்கப் பின்னறைக்கு வந்தவள், ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாய்! பிள்ளையாரு!"

"அது மேகம்மா."

"இதோ காது. இதோ தொந்தி. தும்பிக்கைய எவ்வளவு அழகா வளைச்சிருக்கீங்க! மேகமாம்ல."

"நான் ஒண்ணும் வளைக்கல."

"அதான் சொல்றேன். அவரா வந்திருக்காரு. வந்தவர இல்லேன்னா எப்படி?"

"யாரு வந்தாலும் முன்வாசல் வழியா வரணும். இது ஸ்டோர்ரூம்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கையூம் திரும்பிப் பார்த்தார். காது இருந்தது. தொந்தி இருந்தது. கண்ணைக் கசக்கினார், தலையைச் சாய்த்தார், கதவோரம் போய் நின்றும் பார்த்தார். துணியில் ஒரு இழைப் பிசகு கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் துணி தெரியாது, பிசகுதான் தெரியும்.

சாயங்காலம், அஞ்சடியிலேயே விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்குள் வந்த நஃபீசா வெகுநேரம் பார்த்தாள். "பூக்கார அக்கா சொல்றது சரிதாங்க."

"நீயுமா?"

"உங்க நிய்யத், மனசுல நெனச்சது, மேகந்தான். அதுல குத்தமில்ல. ஆனா என் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சே. இதுக்கு முன்னாடி எப்படித் தொழ நிக்கிறது? அந்த வளைவ மட்டும் அழிச்சிடுங்க, மாட்டிடலாம்."

வளைவை மட்டும். கரையை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கைலி வாங்க வருகிறவர்கள் கேட்பதைப் போல. வளைவும் வெளிச்சமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, இரண்டும் ஈரம். அவள் போனபின் தூரிகையை எடுத்துத் தும்பிக்கை நுனியில் ஒரு தொடல் தொட்டார். சாம்பல் நிறம் வெளிச்சத்துக்குள் நகக்கண் அளவு இறங்கிவிட்டது. துணி முனையால் ஒற்றி எடுத்தார், முழுக்கப் போகவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். வளைவு போனால் வெளிச்சமும் போகும். எழுந்து விளக்கை அணைக்கக்கூட மனம் வரவில்லை.

மறுநாள் ரத்தினம்மா வந்து நேராகக் கேட்டாள். "எனக்குக் குடுத்துடுங்க, பாய்."

"வித்தா, சாமி வித்த பாய்னு ஊரே பேசும்."

"நீங்க வானம்னு குடுங்க. நான் சாமின்னு வாங்கிக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பேரத்தை அவர் கேட்டதில்லை. யோசித்தார். சோபாவுக்கு மேல் இனி இதற்கு இடமில்லை. அழிக்கக் கையும் வராது.

"காசு வேணாம். சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது, ஈரம் காயல. இந்த வெளிச்சத்து மேல மாலை விழக் கூடாது."

"மாலை இல்லாமலா? நல்லா இருக்கே!"

"போடுங்க. இந்தப் பக்கம் வராமப் போடுங்க."

"சரி லா, சின்னதா கட்றேன்."

"நீங்க கட்ற சின்ன மாலைய நானும் பாத்திருக்கேன்."

இப்போது படம் பூக்கடையில் தொங்குகிறது. சின்ன மாலை என்றுதான் கட்டுகிறாள். சாமந்தி தொந்தியைத் தாண்டி வந்து சரியாக வெளிச்சத்தின்மேல் விழுகிறது. கையூம் காலையில் கடையைத் திறக்குமுன் அங்கே போய், ஒற்றை விரலால் மாலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீற்று அப்படியேதான் இருக்கிறது, அந்த நகக்கண் அழுக்கோடு.

"பாத்தாச்சா, பாய்?" என்றாள் ஒருநாள் ரத்தினம்மா.

"இருங்க."

பின்னால் பூ வாங்க வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு பொறுமையிழந்து, "சார், கொஞ்சம் நகர்ந்தா நாங்களும் கும்பிட்டுக்குவோம்" என்றார்.

கையூம் விரலை எடுத்தார். மாலை தன் இடத்துக்குத் திரும்பியது. அவர் கடையைத் திறக்கப் போனார்.