முட்டையிலிருந்து இறங்கிய பாவாடை

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரத்தில் ஆறு நாள் மனிதர்களின் எலும்பைப் படம் பிடித்துவிட்டு, ஏழாம் நாள் காட்டுக்குப் போய்க் காளானைப் படம் பிடிப்பாள். "மனுஷங்க மூஞ்சிய எப்பத்தான் எடுக்கப் போற?" என்று கேட்டுக் கேட்டுக் கணவனுக்கு அலுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் தொற்றிக்கொண்டாள். தையல்காரி. மணப்பெண்களின் கவுன்களுக்குச் சுருக்கு வைத்து வைத்துக் கழுத்து பிடித்துக்கொண்டதாம். காற்று வாங்கினால் சரியாகும் என்று நம்பி, புத்தம் புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தாள்.

முந்தின நாள் முழுக்க மழை. கால் வைத்த இடமெல்லாம் சளக் சளக் என்றது. ஒரு மணி நேரமாகியும் இருவரும் ஐம்பது அடி தாண்டவில்லை. பாசிக்கு ஒரு படம், சுருண்டிருந்த பெரணிச் செடிக்குப் பத்துப் படம்.

"அண்ணி, நாம நடக்க வந்தோமா, தவழ வந்தோமா?"

"உஷ்! இங்க வா. படு."

"எங்க படுக்கறது?"

"தரையிலதான். குப்புற."

குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு நாத்தனார் மறுபேச்சில்லாமல் படுத்துவிட்டாள். மட்கிய கட்டையோரம் கோழிமுட்டை போல ஒன்று. உச்சி கிழிந்து, அழுக்குப் பச்சைத் தொப்பியோடு ஒரு வெள்ளைத் தண்டு எழும்பிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க வளர்ந்தது. நாலு வருஷமாக அண்ணி தேடி அலைந்த காளான் அது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் காமிராவே குலுங்கியது.

"ஐயோ, என்ன நாத்தம்! எலி செத்துக் கிடக்குதா?"

"காளான்தான். ஈயைக் கூப்பிடுது. வாயால மூச்சு விடு."

அப்போது தொப்பிக்கு அடியிலிருந்து வெண்ணிற வலை ஒன்று மெல்ல இறங்கத் தொடங்கியது. நாத்தனார் நாற்றத்தை மறந்தாள். கழுத்து வலியையும் மறந்தாள்.

"அண்ணி, பாவாடை! வலைத்துணிப் பாவாடை! யாருடி தச்சுக் குடுத்தா உனக்கு, காளானே? இடது பக்கம் தூக்கிட்டிருக்கு பாரு... இறங்கு, இன்னும் கொஞ்சம், ஆங், இழுத்து விடு!"

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் அடக்க அடக்க, இவளுக்கும் தொற்றியது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"யாரது? உயிரோட இருக்கீங்களா?"

வனக்காவலர் ஒருவர் தடியோடு ஓடி வந்தார். புதருக்கு வெளியே நாலு கால்கள், கூடவே பிண நாற்றம். மனுஷனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கோம், இருக்கோம். அங்கேயே நில்லுங்க, மிதிச்சிடாதீங்க!" என்றாள் நாத்தனார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "இல்லன்னா நீங்களும் படுத்துடுங்க."

என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய உடம்போடு அவரும் படுத்துவிட்டார்.

"பத்தொம்பது வருஷமா இந்தக் காட்டைச் சுத்தறேன். விரிஞ்சு முடிஞ்சதைத்தான் பார்த்திருக்கேன்" என்றார், ரகசியம் சொல்வதுபோல.

பாவாடையின் ஓரம் ஈர இலையைத் தொட்டது. மூவரும் 'ஓ' என்று கத்திவிட்டார்கள். காவலர் விசிலே அடித்தார். கத்தி முடித்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது.

"ஐயய்யோ! இறங்கினப்ப காமிரா பட்டனை அழுத்தவே இல்லையே!"

காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

வீட்டில் கணவன் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பாதிக்கு மேல் கலங்கல். ஒன்றில் யாருடைய மூக்கோ தெளிவாக விழுந்திருந்தது.

"அப்பாடா, மனுஷ மூஞ்சி. யாரு இந்த ஆளு?"

"முதல்ல அது முட்டையா இருந்துச்சுங்க..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அப்புறம் பாவாடை கட்டுச்சு, அண்ணா" என்றாள் தங்கை. "அப்புறம் அவரு வந்து படுத்தாரு..."

அதற்கு மேல் இருவராலும் முடியவில்லை. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சேறும் சருகுமாக அப்படியே தரையில் சரிந்தார்கள். அவன் மூக்கைப் பிடித்தபடி ஜன்னலைத் திறந்தான்.