தரைவினியின் கைமணம்

புயலுக்குப் பிறகு ஃபிஜியில் டைபாய்டு மறுபடி தலைகாட்டியது. எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். அப்படியும் சர்ச் விருந்து முடிந்த கொஞ்ச நாளில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் விழுந்தார்கள். உனாய்சியின் மகள் லிதியாவுக்குக் குடலில் ஓட்டையே விழுந்துவிட்டது. படகில் லபாசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்றினார்கள்.

விருந்துக்குச் சமைத்தவர்களையெல்லாம் நர்ஸ் வசீதி சோதித்தாள். கிருமி இருந்தது ஒருத்தியிடம் மட்டும். தரைவினி, உனாய்சியின் அண்ணன் மனைவி.

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே நர்ஸம்மா."

"அதாம்மா சிக்கல். அது உங்க பித்தப்பையில குடியிருக்கு. உங்களை ஒண்ணும் பண்ணாது, உங்க கையால சாப்பிடறவங்களைப் படுக்கவச்சிடும். உங்க தப்பு இல்லம்மா."

மாத்திரை முடியும்வரை சமைக்கக் கூடாது என்றதும் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் பச்சை மீனை ஊறப்போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி அவள் செய்யும் கொகொண்டாவுக்காகவே விருந்துக்கு வருகிறவர்கள் உண்டு. அவள் இப்போது சர்ச்சில் கடைசிப் பாயில், கைகளைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெடித்திருந்தன.

வழக்கப்படி அவள் புருஷன் சடங்குப் பானத்துக்கான கவா வேரைக் கொண்டுபோய்த் தங்கை முன் வைத்து மன்னிப்புக் கேட்டான். தரைவினி வாசலோடு நின்றாள்.

"உள்ள வா மதினி. பொண்ணு பொழைச்சிட்டா," என்றாள் உனாய்சி.

தரைவினியால் நிமிர முடியவில்லை.

சோதனையில் கிருமி போய்விட்டது என்று வந்த பிறகு, லிதியா தேறியதற்கு உனாய்சி விருந்து வைத்தாள். ஊர் மொத்தமும் இருக்கும்போது சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏ மதினி! சமைக்கத் தெரியாம எங்கண்ணனை எப்படி மயக்கின? எழுந்து வந்து மீனை நறுக்கு."

"வேண்டாம் உனாய்சி. விட்டுடு."

"மகளைப் படுக்கவச்ச. அம்மாவைப் பட்டினி போடறியா?"

சிரித்தோம். தரைவினியும் கொஞ்சம் சிரித்தாள். கை கழுவினாள், மறுபடி கழுவினாள். பிறகு மீனை நறுக்கினாள்.

கிண்ணம் பாயின் நடுவே வந்தது. உனாய்சி அள்ளிச் சாப்பிட்டாள், லிதியாவும் சாப்பிட்டாள். கிண்ணம் எங்கள் பக்கம் நகர்ந்தபோது ஒருவர் வயிறு நிறைந்துவிட்டது என்றார். ஒருவர் கிழங்கைப் பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்திலிருந்தவரிடம் மழையைப் பற்றிக் கேட்டேன்.

தரைவினி எங்களைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் போன பிறகும் எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.