டம்மி போட்ட காசு

அந்தப் பிளம்பருக்கு மாமியார் வாயிலிருந்து கிடைத்த பாராட்டு வாழ்நாளிலேயே ஒன்றுதான். "குளியலறைக் குழாயை மட்டும் உருப்படியா அடைச்சார்." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அவர் பத்து வருடமாக அந்த வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட்டுவந்தார்.

அடைத்த கதை இதுதான். சுவரோரம் உபயோகமில்லாத குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்தது. அடைக்க டம்மி மூடி கைவசம் இல்லை, கடையும் பூட்டியாகிவிட்டது. மாமனார் பெட்டியைக் கிளறி பென்னி என்கிற பழைய பிரிட்டிஷ் செப்புக்காசு ஒன்றை நீட்டினார்.

"நான் பிறந்த வருஷத்துக் காசு மாப்பிள்ளை. சரியா வருதா பாருங்க."

நட்டுக்குள் வைத்து முடுக்கினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது! மாமனார் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகியும் அங்கே ஒரு சொட்டு விழவில்லை.

சும்மா இருந்தவரைக் கெடுத்தது மனைவியின் கைபேசி. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் ஓடிவந்தாள்.

"என்னங்க, பழைய பென்னிக்கெல்லாம் விலை போட்டிருக்காங்க. அப்பா பிறந்த வருஷத்துக் காசு கொஞ்சம்தான் அடிச்சாங்களாம். ஒண்ணு இருந்தா ஒரு ஸ்கூட்டரே வாங்கலாமாம்!"

பிளம்பர் பற்பசை நுரையை விழுங்கிவிட்டார். பத்தடிக் குழாயைச் சைக்கிளில் கட்டி மேடேறுகிறவனுக்குத்தானே ஸ்கூட்டரின் அருமை தெரியும்? முட்டி இரண்டும் எப்போதோ போயிருந்தன.

"அத்தை, அந்தக் குழாயை ஒரு சர்வீஸ் பண்ணிடறேன்."

"நல்லா இருக்கிறதை எதுக்கு நோண்டறீங்க?"

"நாள்பட்டது அத்தை. தொழில்காரன் சொன்னா கேளுங்க."

மெயின் வால்வை மூடிவிட்டு நட்டைக் கழற்றினார். காசு கன்னங்கரேலென்று, ஓரத்தில் பச்சை பிடித்துக் கிடந்தது. இங்கேதான் மனிதர் கெட்டார். பற்றவைக்கும் முன் செப்புக்குழாயை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? காசு புதுப்பாத்திரமாக மின்னும்வரை விடவில்லை.

நாணயக் கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு பிளம்பரைப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் இதைத் தேய்ச்சது?"

"நான்தான் சார்! எப்படி மின்னுது பாத்தீங்களா?"

"வருஷம் சரிதான்யா. அழுக்கோட கொண்டுவந்திருந்தா பேசியிருக்கலாம். தேய்ச்ச காசை எவனும் சீந்தமாட்டான். எடைக்குப் போடு."

ஸ்கூட்டர் போனால் போகட்டும், குழாயாவது மிஞ்சட்டும் என்று வேகவேகமாகச் சைக்கிளை மிதித்தார். வீட்டில் மாமியார் தலை நிறையச் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் மூடிய வால்வு நினைவுக்கு வந்தது.

"ரெண்டே நிமிஷம் அத்தை!"

காசைப் பழையபடி வைத்து முடுக்கி, வால்வைத் திறந்தார்.

டொக்.

இன்னும் முடுக்கினார். டொக். டொக். தேய்த்த தேய்ப்பில் காசு மெலிந்துபோயிருந்தது. பத்து வருட மரியாதை சொட்டுச்சொட்டாகத் தரையில் விழுவதைப் பார்த்தார்.

மாமியார் ஒரு வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள்.

"மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பிளம்பர் யாராவது இருக்காங்களா?"