ராக்கெட்டின் ஏழு சட்டைகள்

குடியிருப்பில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் சொல்வார்கள். அரசாங்கத்தின் பெரிய ராக்கெட்டில் ஏறும் ஒவ்வொரு திருகையும் எடை போட்டு, எடைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் ராக்கெட் ஓர் அங்குலம் எழும்பாது. விழுந்தும் எழும்பவில்லை என்பது வேறு கதை.

மகள் பிறந்த வருஷம் அது பறந்திருக்க வேண்டும். மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பல் மருத்துவம் படித்து ஊரார் பல்லைப் பிடுங்கவும் ஆரம்பித்துவிட்டாள். ராக்கெட் கொட்டகையை விட்டு நகரவில்லை. அடிப்பாகத்தை ஓர் அமைச்சரின் தொகுதியில் செய்தார்கள், நடுப்பாகத்தை இன்னொருவர் தொகுதியில். இரண்டும் பொருந்தவில்லை. பொருத்தும் வளையத்துக்காக மூன்றாமவர் தொகுதியில் ஒரு தொழிற்சாலையே கட்டினார்கள்.

குடியிருப்பில் இது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. குழாய் ரிப்பேர்காரரை எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "ராக்கெட் போறதுக்குள்ள வந்துடறேன்" என்பார். எதிர்வீட்டு அக்கா தராசின் மனைவியிடம் ஏணியை வாங்கிக்கொண்டு போனபோது, "ராக்கெட் போற அன்னிக்குக் கொண்டாந்து தரேன், போதுமாடி?" என்று சிரித்தாள். ஏணி போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

மனைவியும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தாள், அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர் அவளைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த வருஷம்னு எதையும் தள்ளிப் போடாதீங்கம்மா" என்று சொல்லும்வரை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அந்தப் பாழாய்ப்போனது பறப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அதிசயமாக அந்த வருஷமே தேதியும் குறித்துவிட்டார்கள். அதற்குப் பின்தான் பெயின்ட் குறுக்கே வந்தது.

ஆட்சி மாறினால் ராக்கெட்டின் பெயரும் நிறமும் மாறுவது வழக்கம். பழைய பெயின்டைச் சுரண்ட வேறொரு துறை அனுமதி தர வேண்டும். அந்தக் கோப்பு ராக்கெட்டைவிட மெதுவாக நகரும். அதனால் மேலேயே பூசிவிடுவார்கள். புது அமைச்சரும் தன் நிறத்தைப் பூசச் சொன்னார். அது ஏழாவது பூச்சு.

அன்று தராசு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அறுநூத்திப் பன்னெண்டு கிலோ அதிகம்."

"எதுங்க?"

"பெயின்ட்டு. ஏழு ஆட்சியோட எடை."

மறுநாள் ராக்கெட் திட்ட இயக்குநரே ஒரு பிஸ்கட் டப்பாவோடு வீடு தேடி வந்தார். "பெயின்ட்ட எதுக்குங்க ராக்கெட் எடையில சேக்கறீங்க? அது விளம்பரப் பிரிவுல வருது. ஒருத்தர் எடை என்னன்னு கேட்டா சட்டையையும் சேத்தா சொல்றோம்?"

"மாடிப்படி ஏறும்போது சட்டையையும் சேத்துத்தானே சார் தூக்கிட்டு ஏறுறோம்?"

"கொஞ்சம் ஒத்துப்போங்க."

"நான் ஒத்துப்போயிடுவேன் சார். பூமி ஒத்துப்போகாது. எல்லாத்தையும் உரிச்சுட்டு அனுப்புங்க."

"அமைச்சர் முன்னாடி அம்மணமாவா?" என்று இயக்குநர் பதறிப் போனார். பதற்றத்தில் பிஸ்கட் டப்பாவையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் மனைவி, வாழ்க்கையில் முதன்முறையாக, அவரைப் பொய் சொல்லச் சொன்னாள். "போட்டுத்தான் தொலைங்களேன் ஒரு கையெழுத்து. அடுத்த மாசம் போயிடும். நீங்களும் கண்ணால பாத்துடுவீங்க."

"பாப்பேன். மேல போறதையும் பாப்பேன், கீழ வர்றதையும் பாப்பேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னார்னு எனக்கும் தெரியும்மா. அவர் கெடு வெச்சது எனக்கு. அதுக்காக ராக்கெட் அறுநூறு கிலோ இளைச்சுடுமா?"

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அவர் உள்ள எடையையே எழுதினார். தேதி தள்ளிப்போனது. சுரண்டல் தொடங்கியது. ஏழாவது நிறம் போனதும் ஆறாவது தெரிந்தது. அது எதிர்க்கட்சியின் நிறம். "எங்க நிறத்தைத் தொடாதே!" என்று எதிர்க்கட்சியினர் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். நான்காவது நிறம் காலமான ஒரு தலைவருடையது. அவருடைய கட்சிக்காரர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டார்கள். ராக்கெட் மூன்று மாதம் சொறிபிடித்த நாயைப் போலத் திட்டுத் திட்டாக நின்றது.

அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பிற்பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தராசு போய்விட்டார். மடியில் இருந்த பேப்பரில், தடை இன்னும் இரண்டு வாரம் நீட்டிக்கப்பட்ட செய்தி இருந்தது.

சில நாள் கழித்து அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது, அதன் பக்கவாட்டு உறைக்குள் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பெயின்ட் சில்லு அவளுக்குக் கிடைத்தது. உள்ளங்கை அகலம். ஓரத்தைப் பார்த்தால் ஏழு கோடுகள். அலுவலகத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷர். அவள் அதைச் சமையலறைத் தராசில் வைத்தாள். மூன்று கிராம்.

ஒரு வழியாகத் தடை நீங்கி, ராக்கெட்டை முழுக்க உரித்து, மறுபடியும் தேதி குறித்தார்கள். அவளுக்கு அந்த மூன்று கிராம் உறுத்திக்கொண்டே இருந்தது. பொறுக்க மாட்டாமல், அவர் இடத்துக்கு வந்திருந்த அதிகாரியம்மாவுக்கு போன் போட்டாள்.

"நான் தராசு வீட்டுக்காரி பேசறேன். உங்க கணக்குல மூணு கிராம் உதைக்கும். அவர் எடுத்துட்டு வந்துட்டார்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உதைக்கலம்மா. அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். 'உரித்ததில் வீட்டுக்குக் கொண்டுபோனது மூன்று கிராம். காரணம்: மனைவிக்குக் காட்ட.'"

"எங்கிட்ட காட்டவே இல்லையேம்மா!"

"ராக்கெட் போற அன்னிக்குக் காட்டலாம்னு இருந்திருப்பார்மா."

குடியிருப்பில் அந்த வார்த்தையைக் கேட்டு யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். போனை வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராக்கெட் போகும் நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் எதிர்வீட்டு அக்கா, மூச்சு வாங்க, ஏணியோடு நின்றாள்.

"சொன்ன சொல் தவற மாட்டேன்டி நான்."

இருவரும் ஏணியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து மேலே ஏறினார்கள். தூரத்தில் மரங்களுக்கு மேல் அது கிளம்பியது. எந்த ஆட்சியின் நிறமும் இல்லாமல், வெறும் உலோகமாக, நேராக. அவள் சில்லை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டாள். இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். புள்ளியாகி மறையும்வரை அது கீழே வரவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏன்டி, ஏணி இன்னும் ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டுமா? ஒட்டடை அடிக்கணும்" என்றாள்.

"எடுத்துக்குங்கக்கா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எப்ப தருவீங்கன்னு கேட்டா, இனிமே வேற சாக்குத்தான் தேடணும்."